ஒரு ரேடியோவிலிருந்து ஆளுக்கொரு போன் வரை: எமது வீடுகளில் உடன்பிறப்புகளின் பேச்சு





பாடசாலையில் பெற்றோர் கூட்டம் நடந்தாலும், ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் நாலு பேர் நின்று கதைத்தாலும், இப்போது அடிக்கடி காதில் விழும் முறைப்பாடு ஒன்றுதான். "போன் வந்த நாளிலிருந்து பிள்ளைகள் ஒருத்தரோடு ஒருத்தர் கதைக்கிறதே இல்லை." காக்கா ஓர் அறையில், ராத்தா ஓர் அறையில், தம்பி மாடிப்படியில். சோறு வைத்துவிட்டு உம்மா கூப்பிட்டால் மூன்று பேரும் மூன்று நேரத்தில் வருகிறார்கள்.

இந்த முறைப்பாட்டில் உண்மை இருக்கிறது. ஆனால் எமது வீட்டுக்குள் மின்சாதனம் நுழைந்தது இதுதான் முதல் தடவையா? இல்லை. ரேடியோ வந்தபோதும், டீவி வந்தபோதும், டெக் வந்தபோதும் பெரியவர்கள் இதே கவலையைச் சொன்னார்கள். அப்போதெல்லாம் உடன்பிறப்புகள் கதைப்பதை நிறுத்தவில்லை. இப்போது மட்டும் ஏன் வீடு இப்படி அமைதியாகிறது? இதற்குப் பதில் தேட வேண்டுமானால் பழைய காலத்துக்குப் போய், ஒவ்வொரு சாதனமும் எமது வீட்டில் எந்த இடத்தில் இருந்தது, எத்தனை பேர் அதைப் பாவித்தார்கள் என்று பார்க்க வேண்டும். இந்தப் பதிவு அதற்கான ஒரு முயற்சி. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

*குப்பி விளக்குக் காலம்*

மின்சாரம் வருவதற்கு முந்திய எமது கிழக்கு மாகாண முஸ்லிம் வீட்டை நினைத்துப் பாருங்கள். மஃரிபுக்குப் பிறகு வீட்டில் எரிவது ஒரு விளக்கு, வசதி இருந்தால் இரண்டு. பிள்ளைகள் எல்லோரும் அந்த ஒரு வெளிச்சத்தைச் சுற்றித்தான் இருக்க வேண்டும். மூத்தவள் தங்கச்சிக்குக் குர்ஆன் பாடம் சொல்லிக் கொடுப்பாள். காக்கா வாய்ப்பாடு கேட்பார். மூத்தம்மா கதை சொல்லுவார். விளக்கை மறைத்துக்கொண்டு ஒருத்தன் உட்கார்ந்தால் மற்றவன் சத்தம் போடுவான்.

அந்தக் காலத்தை நாம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. வயதுக்கு வந்ததும் எத்தனையோ பெண் பிள்ளைகளின் படிப்பு நின்றது. காக்காமாருக்குக் கிடைத்த சுதந்திரம் ராத்தாமாருக்குக் கிடைக்கவில்லை. நாம் கவனிக்க வேண்டியது ஒன்றை மட்டும்தான். வெளிச்சம் ஒன்றாக இருந்ததால் பிள்ளைகளும் ஓரிடத்தில் இருந்தார்கள். ஓரிடத்தில் இருந்ததால் கதைக்க வேண்டி வந்தது, விட்டுக்கொடுக்க வேண்டி வந்தது, சண்டை பிடிக்கவும் வேண்டி வந்தது.

*ரேடியோ வந்தபோது*

கொழும்பில் முறையான வானொலி ஒலிபரப்பு 1925 டிசம்பர் 16இல் தொடங்கியது. ஆசியாவில் மிக முந்திய நிலையங்களில் அதுவும் ஒன்று. 1949இல் அது 'ரேடியோ சிலோன்' ஆனது. 1967இல் கூட்டுத்தாபனமாக மாறியது. எமது ஊர்களுக்கு ரேடியோ முதலில் வந்தது வசதியான வீடுகளுக்கும் தேத்தண்ணிக் கடைகளுக்கும்தான். பிறகு பெட்டரியில் இயங்கும் ட்ரான்சிஸ்டர் வந்த பின்னரே சாதாரண வீடுகளுக்குள் அது நுழைந்தது. மின்சாரம் இல்லாத வீட்டுக்கும் அது ஒரு வரமாக இருந்தது.

அந்த ரேடியோவுக்கு வீட்டில் ஓர் இடம் இருந்தது. விறாந்தையிலோ ஹோலிலோ சின்ன மேசை போட்டு, கையால் பின்னிய துணி விரித்து வைத்திருப்பார்கள். பெட்டரி விலை அதிகம். கட்டை பெலன் குறைந்தால் வெயிலில் காய வைத்து இன்னும் இரண்டு நாள் ஓட்டுவார்கள். அதனால் ரேடியோவை நினைத்த நேரமெல்லாம் போட முடியாது. எந்த நிகழ்ச்சிக்குப் போடுவது என்று வீட்டில் பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். வாப்பாவுக்குச் செய்தி, காக்காவுக்குக் கிரிக்கெட் வர்ணனை, ராத்தாவுக்கு நாடகமும் பாட்டும். சினிமாப் பாட்டு வீட்டில் கேட்கக் கூடாது என்று சொல்லும் வாப்பா கடைக்குப் போன பிறகு, அக்காவும் தங்கச்சியும் குசினிப் பக்கம் சத்தம் குறைத்துக் கேட்ட வரலாறும் எமது வீடுகளில் உண்டு. வாப்பா வருகிறாரா என்று வாசலில் நின்று பார்த்தது தம்பிதான். அந்த இரகசியமும் உடன்பிறப்புகளின் ஒரு கூட்டு முயற்சிதான்!

நேயர் விருப்ப நிகழ்ச்சிகளுக்குத் தபாலட்டை எழுதி அனுப்பும் பழக்கம் இருந்தது. காக்கா எழுதுவார், ராத்தா பெயர்களை வரிசையாகச் சொல்லுவாள், யார் பெயர் முதலில் வர வேண்டும் என்று சண்டை நடக்கும். ரேடியோவில் அந்தப் பெயர்கள் வாசிக்கப்படும் நாளில் வீடே காதைத் தீட்டிக்கொண்டு இருக்கும். எமது சமூகத்தைச் சேர்ந்த அறிவிப்பாளர் பி.எச். அப்துல் ஹமீத் நடத்திய 'பாட்டுக்குப் பாட்டு' நிகழ்ச்சி வந்த பிறகு, ரேடியோவை நிறுத்திய பின்னும் பிள்ளைகள் அதே விளையாட்டைத் தங்களுக்குள் விளையாடினார்கள். கேட்டது கொழும்பிலிருந்து வந்தது, பேச்சு வீட்டுக்குள் தொடர்ந்தது.

முஸ்லிம் வீடுகளுக்கு ரேடியோ இன்னொரு வகையிலும் நெருக்கமானது. நோன்பு காலத்தில் ஸஹர் நிகழ்ச்சி, முஸ்லிம் சேவையின் மார்க்கப் பேச்சுகள், நோன்பு திறக்கும் அதான் எல்லாம் அதில் வந்தன. பிறை பார்க்கும் இரவை மறக்க முடியுமா? கொழும்பு பெரிய பள்ளிவாசலில் என்ன முடிவு எடுக்கிறார்கள் என்று ரேடியோவுக்கு முன்னால் வீடே கூடியிருக்கும். நாளைக்குப் பெருநாளா, இன்னுமொரு நோன்பா என்று காக்காவும் தம்பியும் வாதம் பண்ணுவார்கள். பெருநாள் என்று அறிவித்ததும் ஒரே நேரத்தில் எல்லோருக்கும் தெரியும். இன்று அந்தச் செய்தி ஒவ்வொருவர் கைக்கும் தனித்தனியாக வந்து சேர்கிறது. முதலில் பார்த்தவன் தன் கூட்டாளிகளின் குழுமத்துக்கு அனுப்புகிறான். பக்கத்து அறையில் இருக்கும் தங்கச்சிக்கு அது வேறொரு குழுமத்திலிருந்து வருகிறது.

*வெளிநாட்டிலிருந்து வந்த குரல்*

1977க்குப் பிறகு நாட்டின் பொருளாதாரம் திறக்கப்பட்டது. அதே காலத்தில் எண்ணெய் வள நாடுகளில் வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. எமது ஊர் இளைஞர்கள் சவூதிக்கும் குவைத்துக்கும் கட்டாருக்கும் போனார்கள். கொஞ்ச காலத்தில் உம்மாமாரும் ராத்தாமாரும் வீட்டு வேலைக்குப் போனார்கள். 1985இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தை அரசு சட்டம் மூலம் அமைத்தது, அந்த அளவுக்கு இது பெருகியிருந்தது.

கிழக்கு மாகாண முஸ்லிம்களின் வழக்கம் எல்லோருக்கும் தெரியும். வீடு பெண் பிள்ளைக்கு. கல்யாணத்துக்கு முன் அவளுக்கு வீடு கட்ட வேண்டும். அந்தப் பாரம் வாப்பாவோடு சேர்த்துக் காக்காமாரின் தோளிலும் விழுந்தது. தங்கச்சிக்கு வீடு கட்டி முடியும் வரை தன் கல்யாணத்தைத் தள்ளிப்போட்ட காக்காமார் எத்தனை பேர்! இந்த முறை சரியா பிழையா என்பது வேறு விவாதம். எமது சமூகத்தில் காக்கா - தங்கச்சி உறவின் மேல்தான் ஒரு வீட்டின் சுவரே எழும்பியது என்பதை மட்டும் இங்கே நினைவில் வைப்போம். ஏனென்றால் இந்தப் பதிவு பாசத்தைப் பற்றியது மட்டுமல்ல. உடன்பிறப்புகள் கதைக்காமல் போனால் எமது குடும்ப அமைப்பில் எது ஆட்டங்காணும் என்பதையும் பற்றியது.

வெளிநாட்டிலிருந்து திரும்பிய காக்காமார் கொண்டுவந்த பொருட்களில் முதன்மையானது ரேடியோ கெசட் செட். கெசட்டை பிலிப்ஸ் கம்பனி 1963இல் அறிமுகப்படுத்தியது. எமது வீடுகளுக்கு அது வந்தபோது பாட்டும் பயானும் கேட்பதற்கு மட்டும் பயன்படவில்லை. அது கடிதமாகவும் மாறியது. எழுத வாசிக்கத் தெரியாத உம்மாமாருக்கு அது பெரிய உதவி. வெற்றுக் கெசட்டைப் போட்டு, சிவப்புப் பட்டனை அமுக்கி, வீட்டில் உள்ளவர்கள் வரிசையாகப் பேசுவார்கள். உம்மா அழுவார். ராத்தா வீட்டுக் கணக்குச் சொல்லுவாள். சின்னவன் மனப்பாடம் செய்த சூறாவை ஓதிக் காட்டுவான். பின்னால் கோழி கத்துவதும் பதிவாகும். போகிற ஆள் கையில் அந்தக் கெசட்டைக் கொடுத்து அனுப்புவார்கள். அங்கே காக்கா அதைத் திரும்பத் திரும்பக் கேட்பார்.

அந்தக் கெசட்டில் ஒரு பக்கத்துக்கு அரை மணித்தியாலம்தான். எல்லோரும் பேச வேண்டும். ஆகவே பிள்ளைகள் முறை வைத்துப் பேசப் பழகினார்கள். ஒருத்தர் பேசும்போது மற்றவர்கள் வாய் மூடிக் கேட்டார்கள். ராத்தா காக்காவுக்கு என்ன சொல்கிறாள் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது. தூரத்தில் இருப்பவரோடு கதைக்க வந்த சாதனம், பக்கத்தில் இருப்பவர்களையும் ஒன்றாக உட்கார வைத்தது.

*இரண்டு ஓட்டை கொண்ட வோக்மேன்*

தனியாகக் கேட்கும் பழக்கம் எப்போது தொடங்கியது? சோனி கம்பனி 1979இல் ஜப்பானில் வோக்மேனை வெளியிட்டது. இதில் பலருக்குத் தெரியாத ஒரு செய்தி இருக்கிறது. முதலாவது வோக்மேனில் காதில் மாட்டும் ஹெட்போனுக்கு இரண்டு ஓட்டைகள் இருந்தன. இரண்டு பேர் சேர்ந்து கேட்கலாம். செம்மஞ்சள் நிறப் பட்டன் ஒன்றும் இருந்தது. அதை அமுக்கினால் பாட்டின் சத்தம் குறைந்து, ஹெட்போனைக் கழற்றாமலே இருவரும் கதைத்துக்கொள்ளலாம். ஒருவர் மட்டும் காதை அடைத்துக்கொண்டு கேட்பது பக்கத்தில் இருப்பவருக்கு மரியாதைக் குறைவாகப் படும் என்று கம்பனித் தலைவர் அகியோ மொரிட்டா நினைத்தார்.

ஆனால் வாங்கியவர்கள் அதைத் தமக்கே உரிய பொருளாகத்தான் பாவித்தார்கள். பிறகு வந்த வகைகளில் அந்தப் பட்டனும் இரண்டாவது ஓட்டையும் இல்லாமல் போயின. செய்தவருக்கே இருந்த தயக்கம் சந்தையில் நிற்கவில்லை. காதுக்குள் தனி உலகம் என்ற பாதை அங்கேயே திறந்துவிட்டது. எமது ஊர்களுக்கும் வெளிநாட்டுப் பெட்டியில் வோக்மேன் வந்தது. ஆனால் வீட்டுக்கு ஒன்றுதான் வந்தது. அதனால் அது அப்போது பெரிய பாதிப்பைச் செய்யவில்லை.

*டீவியும் டெக்கும்*

இலங்கையில் தொலைக்காட்சி 1979 ஏப்ரலில் ஐ.டி.என். மூலம் கொழும்பைச் சுற்றித் தொடங்கியது. ஜப்பானின் உதவியோடு ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15இல் ஒளிபரப்பை ஆரம்பித்த பின்னரே நாடு முழுவதும் பரவியது. மின்சாரம் இல்லாத கிராமங்களில் கார் பெட்டரியில் டீவி ஓடியது. பெட்டரியை சார்ஜ் பண்ணக் கடைக்குக் கொண்டுபோய்க் கொண்டுவருவது ஆண் பிள்ளைகளின் வேலை. டீவி உள்ள வீட்டில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் பாயில் உட்கார்ந்திருப்பார்கள். படம் பார்க்க டெக் வாடகைக்கு எடுப்பார்கள். ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு, ஒரே இரவில் மூன்று படம் பார்த்துவிட்டு, விடிய முன் திருப்பிக் கொடுப்பார்கள்.

டீவி பேச்சைக் குறைத்தது உண்மை. விளக்கைச் சுற்றி இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். டீவிக்கு முன்னால் எல்லோர் முகமும் ஒரே பக்கம் திரும்பியது. நாடகம் போகும்போது யாராவது கதைத்தால் "வாயை மூடு" என்றார்கள். ஆனாலும் எல்லோரும் பார்த்தது ஒரே காட்சி. 'ஒஷின்' தொடரில் வந்த அந்தச் சின்னப் பிள்ளையின் கஷ்டத்துக்கு ராத்தாவும் தங்கச்சியும் சேர்ந்தே கண் கலங்கினார்கள். மொழி விளங்காத இடத்தை விளங்கியவர் மற்றவருக்குச் சொன்னார். 1996 மார்ச் 17இல் லாகூரில் நாம் உலகக் கிண்ணத்தை வென்ற இரவில் அரவிந்தவின் ஒவ்வோர் ஓட்டத்துக்கும் வீடே எழுந்து நின்றது. மறுநாள் காலையிலும் அதைத்தான் கதைத்தார்கள்.

செனல் மாற்றும் சண்டையும் இருந்தது. ரிமோட்டை ஒளித்து வைப்பது, உம்மாவிடம் முறையிடுவது, "நீ நேற்றுப் பார்த்தாய், இன்றைக்கு என் முறை" என்று வழக்காடுவது எல்லாம் அன்றாடம் நடந்தது. அப்போது பெற்றோருக்கு அது தலையிடியாக இருந்தது. இன்று யோசித்தால் அது ஒரு பள்ளிக்கூடம். பேரம் பேசுவது, வாக்கைக் காப்பது, தோற்றதை ஏற்றுக்கொள்வது, சின்னவருக்கு விட்டுக்கொடுப்பது ஆகியவற்றைப் பிள்ளைகள் அங்கேதான் செய்து பழகினார்கள்.

*போர், சுனாமி, தொலைபேசி*

யுத்த காலத்தை இங்கே மறந்துவிட முடியாது. 1990 ஆகஸ்டில் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் நடந்த படுகொலைகளுக்குப் பிறகு கிழக்கில் இரவு என்றாலே பயம். விளக்கை அணைத்து, ரேடியோவைக் காதோடு வைத்து, பிபிசி தமிழோசை கேட்ட வீடுகள் ஏராளம். அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் முழுவதுமாக வெளியேற்றப்பட்டார்கள். உடன்பிறப்புகள் புத்தளத்திலும் கொழும்பிலும் வேறு ஊர்களிலும் சிதறினார்கள். ஒருவர் எங்கே இருக்கிறார் என்று மற்றவருக்குத் தெரிய நாட்கள் எடுத்தன. அந்த நேரத்தில் ஒவ்வொருவர் கையிலும் ஒரு போன் இருந்திருந்தால்! இதை நினைத்துப் பார்த்தால் போனை வெறுமனே எதிரி என்று சொல்ல எமக்கு நா எழாது.

தொண்ணூறுகளில் நகரங்களில் 'கொமியூனிகேஷன்' கடைகள் வந்தன. வெளிநாட்டில் உள்ள காக்கா வெள்ளிக்கிழமை அழைப்பார் என்றால், உம்மாவும் பிள்ளைகளும் உடுத்திக்கொண்டு கடைக்குப் போய்க் காத்திருப்பார்கள். நிமிடத்துக்குக் காசு என்பதால் யார் எதைப் பேசுவது என்று வழியிலேயே தீர்மானித்துவிடுவார்கள். 2004 டிசம்பர் 26இல் சுனாமி எமது கரையோர ஊர்களை அடித்துச் சென்ற நாளில், வெளிநாட்டில் இருந்த சகோதரர்கள் ஊருக்கு லைன் கிடைக்காமல் துடித்தார்கள். அடுத்த சில வருடங்களில் சி.டி.எம்.ஏ. போன் வீடு வீடாக வந்தது. அதற்கும் ஹோலில் ஓர் இடம் இருந்தது. மணி அடித்தால் யார் முதலில் எடுப்பது என்று பிள்ளைகள் ஓடுவார்கள். எடுத்தவர் "ராத்தா, உங்களுக்குத்தான்" என்று கூப்பிடுவார். ராத்தாவின் கூட்டாளி யார் என்று தம்பிக்குத் தெரிந்திருந்தது.

இலங்கையில் கையடக்கத் தொலைபேசிச் சேவை 1989இலேயே தொடங்கிவிட்டது. ஆனாலும் சாதாரண வீடுகளுக்கு அது வர இரண்டாயிரங்கள் ஆனது. முதலில் வாப்பாவிடம் ஒன்று, பிறகு உம்மாவிடம் ஒன்று. ஸ்மார்ட் போன் வந்த பின் கெசட்டும் கொமியூனிகேஷன் கடையும் மறைந்தன. டுபாயில் இருக்கும் காக்கா இமோவில் முகம் காட்டினார். ஊரில் தங்கச்சியின் வீட்டுக்கு அத்திவாரம் வெட்டுவதை அங்கிருந்தே பார்த்தார். பிறந்த மருமகனை முதல் நாளே கண்டார். இது சின்ன விடயமல்ல. ஒரு தலைமுறைக்கு முன்பு காக்கா விடுமுறைக்கு வரும்போது மருமகன் நடக்கத் தொடங்கியிருப்பான், மாமாவைக் கண்டு பயந்து அழுவான்.

*2020: ஒன்று பலவானது*

பெரிய மாற்றம் வந்தது 2020இல். மார்ச் 13 முதல் பாடசாலைகள் மூடப்பட்டன. ஆசிரியர்களாகிய நாம் தரம் தரமாக வட்ஸ்அப் குழுமம் அமைத்துப் பாடம் அனுப்பினோம். பிறகு சூம் வந்தது. அப்போது நாட்டில் ஏறத்தாழ ஐந்து வீட்டுக்கு ஒன்றில்தான் கணினி இருந்தது. ஆகவே பாரம் முழுவதும் போனின் மேல் விழுந்தது. வீட்டில் ஒரு போன், படிக்கும் பிள்ளைகள் மூன்று. ஒரே நேரத்தில் ராத்தாவுக்குக் கணிதம், தம்பிக்கு ஆங்கிலம். ஓ.எல். எடுக்கும் பிள்ளைக்கு முதலிடம் என்று பல வீடுகளில் முடிவெடுத்தார்கள். சின்னவர்கள் இரவில் பாடத்தைக் கொப்பியில் பார்த்து எழுதினார்கள். டேட்டா முடிந்தால் ரீலோட் பண்ணக் காசு இல்லாத வீடுகளும் இருந்தன.

கஷ்டமான காலம்தான். அந்தக் கஷ்டத்திலும் ராத்தா தம்பிக்குப் பாடம் விளங்கப்படுத்தியதை நாம் கண்டோம். ஒரே போனில் இரண்டு பிள்ளைகளின் விடைத்தாள் வரும்போது, கையெழுத்து வேறு, விளக்கம் ஒன்றாக இருக்கும். குப்பி விளக்குக் காலம் கொஞ்சம் திரும்பி வந்தது போல.

பிறகு பெற்றோர் கடன் பட்டும் நகை அடகு வைத்தும் இன்னொரு போன் வாங்கினார்கள். வெளிநாட்டில் உள்ளவர்கள் அனுப்பினார்கள். படிப்புக்காக வாங்கியது பாடசாலை திறந்த பின்னும் பிள்ளையின் கையிலேயே நின்றுவிட்டது. ஒரு நூற்றாண்டு காலம் வீட்டுக்கு ஒன்றாக இருந்த சாதனம், ஓரிரு வருடத்தில் ஆளுக்கொன்றாக மாறியது.

2022இல் பொருளாதார நெருக்கடி வந்து, மார்ச் 31இல் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அமுலான நாட்கள் நினைவிருக்கிறதா? சார்ஜ் இறங்கி, சிக்னல் கோபுரங்களும் செயலிழந்து, போன்கள் ஊமையான இரவுகள். வெக்கை தாங்காமல் எல்லோரும் வளவுக்கு வந்தார்கள். பாய் விரித்தார்கள். பிள்ளைகள் கதைத்தார்கள், விடுகதை போட்டார்கள், பாட்டுக்குப் பாட்டு விளையாடினார்கள். கரண்ட் வந்ததும் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். அந்தக் கஷ்ட காலம் திரும்பி வர வேண்டும் என்று யாரும் கேட்கமாட்டோம். ஆனால் பிள்ளைகளுக்குக் கதைக்க விருப்பம் செத்துவிடவில்லை என்பதற்கு அந்த இரவுகள் சாட்சி.

*வரலாறு சொல்வது என்ன?*

இத்தனை காலத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று விளங்குகிறது. ரேடியோவும் கெசட்டும் டீவியும் ஹோலில் இருந்த போனும் உடன்பிறப்புகளைப் பிரிக்கவில்லை. காரணம் அவை நல்ல சாதனங்கள் என்பதல்ல. அவை போதாமல் இருந்தன என்பதுதான். ஒன்றுதான் இருந்ததால் பங்கிட வேண்டும். பங்கிட வேண்டுமானால் கதைக்க வேண்டும். ஆளுக்கொரு போன் வந்ததும் பங்கிடும் தேவை போனது. அதோடு அதற்காக நடந்த பேச்சும், சண்டையும், சமாதானமும் சேர்ந்தே போயின. "எங்கட பிள்ளைகள் சண்டையே பிடிக்கிறதில்லை" என்று சில பெற்றோர் சந்தோஷமாகச் சொல்கிறார்கள். சண்டை பிடிக்காதது அன்பாலா, அல்லது ஒருவருக்கு மற்றவர் தேவைப்படாததாலா என்று பார்க்க வேண்டும்.

இதில் எமக்குப் பெரிய இழப்பு இருக்கிறது. இன்று பத்து வயதில் இருக்கும் காக்காவும் தங்கச்சியும் நாற்பது வயதில் ஒரே மேசையில் உட்கார வேண்டி வரும். வாப்பாவின் காணியை மார்க்கப்படி பங்கு வைக்க, படுக்கையில் விழுந்த உம்மாவை யார் பார்ப்பது என்று தீர்மானிக்க, தங்கச்சியின் வீட்டுக்கு யார் எவ்வளவு கொடுப்பது என்று பேச. ரிமோட்டுக்காகக்கூட பேரம் பேசிப் பழகாதவர்கள் காணிக்காக எப்படிப் பேசுவார்கள்? குடும்பக் குழுமத்தில் ஒரு வொய்ஸ் கட், பதிலுக்கு ஒரு நீளமான மெசேஜ், கடைசியில் ஒருவர் குழுமத்தை விட்டு வெளியேறினார் என்ற அறிவிப்பு. சில குடும்பங்களில் இது ஏற்கனவே நடக்கிறது.

மூஸா (அலை) அவர்களின் வரலாற்றை நாம் வகுப்பில் படிப்பிக்கிறோம். பிர்அவ்னிடம் போகச் சொல்லப்பட்டபோது, தன்னைவிட நாவன்மை உள்ள தன் சகோதரர் ஹாரூனைத் துணையாகத் தரும்படி அவர்கள் அல்லாஹ்விடம் கேட்டார்கள். சகோதரனின் திறமையை அறிந்து வைத்திருந்தார்கள். பிறகு தன் சமூகம் கன்றுக்குட்டியை வணங்கியதைக் கண்டு கோபத்தில் அதே சகோதரரின் தலையைப் பிடித்தார்கள். ஹாரூன் (அலை) விலகிப் போகவில்லை. தாயை நினைவூட்டி அழைத்து, நடந்ததை எடுத்துச் சொன்னார்கள். மூஸா (அலை) கேட்டார்கள், இருவருக்காகவும் பாவமன்னிப்புத் தேடினார்கள். நபிமார்களின் வீட்டிலும் கோபம் இருந்தது. நேருக்கு நேர் பேச்சும் இருந்தது, அதனால் உறவு முறியவில்லை.

*நாம் செய்யக்கூடியவை*

போனைப் பறித்து அலுமாரியில் பூட்டுவது தீர்வல்ல. படிப்பும் தொழிலும் வெளிநாட்டில் உள்ள உறவும் அதில்தான் இருக்கின்றன. எமது மூத்தவர்களின் வீட்டிலிருந்து சிலதைத் திரும்ப எடுக்கலாம்.

முதலாவது, சாதனத்துக்கு ஓர் இடம். ரேடியோவுக்கும் சி.டி.எம்.ஏ. போனுக்கும் ஹோலில் மேசை இருந்தது போல, எல்லோருடைய போனுக்கும் ஹோலில் சார்ஜ் பண்ணும் இடம் வையுங்கள். மஃரிப் முதல் இஷா வரை அவை அங்கேயே இருக்கட்டும். வாப்பாவுடையதும் உம்மாவுடையதும் சேர்த்துத்தான்.

இரண்டாவது, வெளிநாட்டில் உள்ளவரோடு தனித்தனியாகக் கதைப்பதோடு, வாரத்தில் ஒரு நாள் கெசட் காலம் போல எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து கதையுங்கள். போனை நடுவில் வைத்து, ஆளுக்கு முறை வைத்து. காக்கா என்ன சொன்னார் என்பது சின்னவனுக்கும் தெரியட்டும்.

மூன்றாவது, வீட்டில் வேண்டுமென்றே ஒன்றை ஒன்றாகவே வைத்திருங்கள். ஒரு டீவி, ஒரு கரம் போட், ஒரு சைக்கிள், ஏதாவது. அதற்காகப் பிள்ளைகள் சண்டை பிடித்தால் உடனே தீர்ப்புச் சொல்லாதீர்கள். அவர்களே பேசித் தீர்க்கக் கொஞ்சம் நேரம் கொடுங்கள்.

நான்காவது, மூத்த பிள்ளையிடம் இளையவரின் பாடத்தில் ஒரு சின்னப் பங்கை ஒப்படையுங்கள். 2020இல் எமது பிள்ளைகள் அதைச் செய்து காட்டினார்கள். ஒரு பக்கம் ஓதிக் கொடுப்பது, பத்துச் சொல் கேட்பது போதும்.

இந்தப் பதிவை வாசித்து முடித்ததும் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் பிள்ளைகள் எல்லோரையும் ஒன்றாக மூத்தம்மாவிடமோ அப்பாவிடமோ அனுப்பி, எங்கள் வீட்டுக்கு முதலாவது ரேடியோ எப்போது வந்தது, யார் வாங்கினார், யார் யார் சண்டை பிடித்தார்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். ஒருவர் கேட்கட்டும், ஒருவர் எழுதட்டும், ஒருவர் தேத்தண்ணி ஊற்றட்டும். எமது ஊரின் வரலாறும் கொஞ்சம் பதிவாகும், பிள்ளைகளும் ஒரு மணித்தியாலம் சேர்ந்து இருப்பார்கள். அவர்கள் எழுதி வந்ததைக் கீழே பதிவிடுங்கள், வகுப்பில் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவோம், இன்ஷா அல்லாஹ்.

அல்லாஹ் எமது பிள்ளைகளை ஒருவருக்கொருவர் துணையாக ஆக்குவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.